நிறுத்தத் தெரிந்த மனிதர்: பிஸ்மார்க்கின் வாழ்க்கை



வங்கிக் கடன் விண்ணப்பத்தில் தொகை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பலர் வீட்டுக் கடன் வாங்கியவர்கள்தான், பார்த்திருப்பீர்கள். அது காலியாக இருந்தால் விண்ணப்பம் அடுத்த மேசைக்கு நகராது. வாங்கிய பணத்தில் வீடுதான் கட்டினார்களா என்று பிறகு போய்ப் பார்த்து வருவதும் உண்டு. பல வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த பழக்கமோ என்னவோ, வரலாற்றுப் புத்தகம் படித்தாலும் என் கண் அந்தக் கட்டத்தைத்தான் தேடுகிறது.

ஒரு நாடு போருக்குப் போவதைவிடப் பெரிய கடன் எது? அசலாக உயிர்கள் போகின்றன. வட்டியைப் பேரப்பிள்ளைகள் கட்டுகிறார்கள். அப்படியிருந்தும் நோக்கம் என்ற கட்டத்தைச் சரியாக நிரப்பாமல் போருக்குப் போனவர்கள் வரலாற்றில் நிறைய. அதைத் தெளிவாக நிரப்பிவிட்டுப் போனவர், வேலை முடிந்ததும் படையைத் திரும்பச் சொன்னவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், நான் ஜெர்மனியின் ஓட்டோ வான் பிஸ்மார்க்கைக் காட்டுவேன். அவர் நல்லவரா என்று கேட்காதீர்கள், அது வேறு கணக்கு. அதையும் கீழே சொல்கிறேன்.

உருப்படாத பிள்ளை

பிஸ்மார்க் 1815 ஏப்ரல் 1 அன்று பிரஷ்யாவில் ஷோன்ஹவுசன் என்ற ஊரில் பிறந்தார். அப்போது ஜெர்மனி என்று ஒரு நாடு கிடையாது. 39 அரசுகள் சேர்ந்த ஒரு தளர்வான கூட்டமைப்புதான் இருந்தது. அதில் பெரிய அண்ணன் ஆஸ்திரியா, அடுத்தது பிரஷ்யா.

அப்பா நிலக்கிழார், அம்மா படித்த அதிகாரிக் குடும்பத்துப் பெண். கோட்டிங்கன், பெர்லின் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தார். படித்ததைவிடக் குடித்ததும் கத்திச் சண்டை போட்டதும்தான் அதிகம். பிறகு அரசு வேலையில் சேர்ந்தார். விடுப்பு முடிந்தும் திரும்பாமல் ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் பின்னால் ஊர் ஊராகச் சுற்றினார். எங்கள் வங்கியாக இருந்தால் மெமோ மேல் மெமோ போயிருக்கும். கடைசியில் வேலையை விட்டுவிட்டு, குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் கிராமத்துக்குப் போனார். அக்கம்பக்கத்தார் அவருக்குப் பைத்தியக்காரப் பண்ணையார் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

1847-இல் யோஹன்னா என்ற பெண்ணை மணந்த பிறகுதான் வாழ்க்கை ஒரு பாதைக்கு வந்தது. அதே வருடம் பிரஷ்ய சபையில் உறுப்பினரானார். 1851-இல் ஜெர்மானியக் கூட்டமைப்பின் சபை கூடும் பிராங்பர்ட்டுக்குப் பிரஷ்யாவின் பிரதிநிதியாகப் போனார். பிறகு ரஷ்யாவில் தூதர், சில மாதங்கள் பிரான்ஸில் தூதர். ஒவ்வொரு நாடும் எதற்குப் பயப்படுகிறது, எதற்கு ஆசைப்படுகிறது என்பதை அந்தப் பதினோரு வருடத்தில் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், பெரிய உடம்பு, ஆனால் குரல் மட்டும் மெல்லியது என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அனுமதி இல்லாத செலவு

1862-இல் பிரஷ்யாவில் பெரிய நெருக்கடி. மன்னர் வில்ஹெல்ம் ராணுவத்தைப் பெருக்க நினைத்தார். சபையோ பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தர மறுத்தது. மன்னர் முடி துறக்கும் கடிதத்தையே எழுதி வைத்துவிட்டார். அந்த நேரத்தில் போர் அமைச்சர் ரோன் சொல்லி வரவழைக்கப்பட்டவர்தான் பிஸ்மார்க். செப்டம்பரில் பிரதமரானபோது அவருக்கு வயது 47.

அவர் செய்ததை ஒரு காமர்ஸ் பட்டதாரியாக என்னால் பாராட்ட முடியவில்லை. மன்னரும் சபையும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று அரசியல் சட்டத்தில் எழுதவில்லை, ஆகவே அரசு நிற்காமல் நடக்கட்டும் என்று ஒரு விளக்கம் சொன்னார். நான்கு வருடம் ஒப்புதல் இல்லாமலே வரி வசூலித்தார், செலவும் செய்தார். எந்த ஆடிட்டராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஆனால் அவர் மனதில் நோக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. ஜெர்மானிய அரசுகளைப் பிரஷ்ய மன்னரின் தலைமையில் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆஸ்திரியா வெளியே போக வேண்டும். அழிய வேண்டாம், வெளியே போனால் போதும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

போருக்கு முன்னால் செய்த வேலை

முதல் போர் 1864-இல் டென்மார்க்கோடு. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு சிற்றரசுகள் யாருக்கு என்பது சண்டை. ஆஸ்திரியாவையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஜெயித்தார். அடுத்த வருட ஒப்பந்தத்தில் ஷ்லெஸ்விக்கின் நிர்வாகம் பிரஷ்யாவுக்கும் ஹோல்ஸ்டைனின் நிர்வாகம் ஆஸ்திரியாவுக்கும் வந்தது. வரைபடத்தில் பாருங்கள். ஹோல்ஸ்டைன் வடக்கே, ஆஸ்திரியா வெகு தொலைவில் தெற்கே. எப்போது வேண்டுமானாலும் தகராறு செய்ய வசதியான ஏற்பாடு அது.

ஆஸ்திரியாவோடு மோதுவதற்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகச் சரிக்கட்டினார். 1863-இல் போலந்துக் கிளர்ச்சியின்போது ரஷ்யாவின் பக்கம் நின்றதால் ரஷ்யாவுக்கு அவர்மேல் நல்லெண்ணம் இருந்தது. 1865-இல் பியாரிட்ஸ் கடற்கரையில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்தித்து, பிரான்ஸ் ஒதுங்கி நிற்கும் என்று நம்பிக்கை பெற்றார். வெனிஸ் பகுதிக்கு ஆசைப்பட்ட இத்தாலியோடு 1866 ஏப்ரலில் உடன்பாடு செய்துகொண்டார். அதற்குக் கெடு மூன்றே மாதம். அதற்குள் போர் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

ராணுவத்தின் பக்கம் தளபதி மோல்ட்கே இருந்தார். அவர் பல ரயில் பாதைகளில் ஒரே நேரத்தில் படைகளை எல்லைக்குக் கொண்டுவந்தார். பிரஷ்யச் சிப்பாயின் துப்பாக்கியில் பின்பக்கமாகக் குண்டு போடலாம், படுத்தபடியே சுடலாம். ஆஸ்திரியச் சிப்பாயோ குழாய் வாய் வழியாகக் குண்டை இடிக்க எழுந்து நிற்க வேண்டும். 1866 ஜூலை 3 அன்று கோனிக்கிராட்ஸ் என்ற இடத்தில், இரு பக்கமும் சேர்த்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மோதினார்கள். ஒரே நாளில் ஆஸ்திரியா தோற்றது. இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று அதன் இழப்பு 40 ஆயிரத்துக்கும் மேல்.

நிகோல்ஸ்பர்க்கில் நடந்தது

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிரஷ்யப் படை நிகோல்ஸ்பர்க் வரை வந்துவிட்டது. இன்று செக் குடியரசில் மிகுலோவ் என்று பெயர். அங்கிருந்து வியன்னா 100 கிலோமீட்டருக்கும் குறைவு. மன்னருக்கும் தளபதிகளுக்கும் ஒரே ஆசை: வியன்னாவுக்குள் அணிவகுத்துப் போக வேண்டும், ஆஸ்திரியாவின் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெயித்த படைக்கு இதைவிட இயல்பான ஆசை என்ன இருக்க முடியும்?

பிஸ்மார்க் வேண்டாம் என்றார். ஆஸ்திரியா ஜெர்மானியக் கூட்டமைப்பை விட்டு விலகச் சம்மதித்துவிட்டது. எதற்காக வந்தோமோ அது கைக்கு வந்துவிட்டது. இனி ஒவ்வொரு மைல் முன்னேறுவதும் வீண் செலவு. நம் படையில் காலரா பரவுகிறது. பிரான்ஸ் நடுவராக மூக்கை நுழைக்கப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு ஆஸ்திரியாவின் நட்பு நமக்குத் தேவைப்படும், அவமானப்படுத்தியவனோடு யாரும் நட்பாக இருக்க மாட்டார்கள். இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

மன்னர் கேட்கவில்லை. அந்த நாட்களைப் பிஸ்மார்க் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அறைக்குத் திரும்பி அழுததையும், ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று நினைத்ததையும் ஒளிக்காமல் சொல்கிறார். அப்போது பட்டத்து இளவரசர் வந்து தோளில் கை வைத்தாராம். அவர் இந்தப் போரே வேண்டாம் என்று சொன்னவர், பிஸ்மார்க்கைப் பிடிக்காதவர். ஆனாலும் அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தந்தார். மன்னரும் கசப்போடு ஒப்புக்கொண்டார்.

ஜூலை 26-இல் பூர்வாங்க உடன்பாடு, ஆகஸ்ட் 23-இல் பிராக் ஒப்பந்தம். வெனிஸ் பகுதி இத்தாலிக்குப் போனது. ஆஸ்திரியாவின் நிலத்தில் பிரஷ்யா ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஹனோவர் போன்ற வட ஜெர்மானிய அரசுகளை மட்டும் ஈவு இரக்கமில்லாமல் விழுங்கியது. அந்த மன்னர்களின் கண்ணீர் பிஸ்மார்க்கை அசைக்கவில்லை. ஆக, அவர் வியன்னா வாசலில் நின்றது கருணையால் அல்ல. வடக்கைச் சேர்ப்பது நோக்கத்துக்கு உட்பட்டது, வியன்னா நோக்கத்துக்கு வெளியே. அவ்வளவுதான்.

வெற்றியோடு ஊர் திரும்பியதும் இன்னொன்று செய்தார். நான்கு வருடம் அனுமதியில்லாமல் செய்த செலவுக்குச் சபையிடம் பின்தேதியிட்டு ஒப்புதல் கேட்டார். 230-க்கு 75 என்ற கணக்கில் நிறைவேறியது. வெற்றி வந்தால் எந்தக் கணக்கும் பாஸாகிவிடும் என்பதற்கு உதாரணம். அந்தப் பழக்கம் ஜெர்மனிக்கு நல்லது செய்யவில்லை.

பாரிஸும் பழைய பாடமும்

1867-இல் வட ஜெர்மானியக் கூட்டமைப்பு உருவானது. தெற்கே பவேரியா போன்ற அரசுகள் இன்னும் வெளியே நின்றன. 1870-இல் ஸ்பெயின் அரியணை விவகாரத்தில் பிரான்ஸோடு உரசல் வந்தது. எம்ஸ் என்ற ஊரிலிருந்து மன்னர் அனுப்பிய தந்தியைப் பிஸ்மார்க் சுருக்கி, இரண்டு நாட்டுக்கும் அவமானம் நேர்ந்ததுபோலத் தொனிக்கும்படி பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது. தெற்கு அரசுகள் பிரஷ்யாவோடு சேர்ந்தன. ஆஸ்திரியா, நான்கு வருடம் முன்பு தோற்ற அதே ஆஸ்திரியா, பழிவாங்க வராமல் ஒதுங்கி நின்றது. நிகோல்ஸ்பர்க்கில் போட்ட டெபாசிட் முதிர்ந்து கைக்கு வந்தது என்று சொல்லலாம்.

செப்டம்பர் 2 அன்று செடானில் பேரரசர் நெப்போலியனே சுமார் 1 லட்சம் வீரர்களோடு சரணடைந்தார். ஆனால் பாரிஸ் புதிய குடியரசை அறிவித்துச் சண்டையைத் தொடர்ந்தது. நான்கு மாதத்துக்கும் மேலாக முற்றுகை நீண்டது. இழுக்க இழுக்க மற்ற வல்லரசுகள் தலையிடும் என்று பிஸ்மார்க் பயந்தார், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றார். மோல்ட்கேயோ பிரான்ஸ் முழுவதையும் நொறுக்கும்வரை தொடர விரும்பினார். போர் நடக்கும்போது அரசியல்வாதி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தளபதிகளின் எண்ணம். திட்டங்களை அவரிடம் சொல்லவே மறுத்தார்கள். கடைசியில் 1871 ஜனவரி 25 அன்று மன்னர் பிஸ்மார்க்கின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் நாள் போர்நிறுத்தம்.

அதற்குப் பத்து நாள் முன்பு, ஜனவரி 18 அன்று, வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. நோக்கம் நிறைவேறியது.

ஆனால் இந்த முறை அவர் சரியான இடத்தில் நிற்கவில்லை. அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் பிரான்ஸிடமிருந்து பறிக்கப்பட்டன. தளபதிகள் கோட்டைகளைக் கேட்டார்கள். மெட்ஸ் நகரை எடுப்பதில் அவருக்கே தயக்கம் இருந்தும் விட்டுக்கொடுத்தார். கூடவே 500 கோடி பிராங்க் இழப்பீடு. பிரான்ஸ் அந்தப் பணத்தை 1873 செப்டம்பருக்குள், கெடுவுக்கு முன்பே கட்டி முடித்தது. பணக் கணக்கு இரண்டரை வருடத்தில் தீர்ந்தது. நிலக் கணக்கு தீர இன்னொரு உலகப் போர் தேவைப்பட்டது.

போதும் என்ற கொள்கை

1871-க்குப் பிறகு ஐரோப்பாவிலேயே வலிமையான ராணுவம் அவர் நாட்டிடம் இருந்தது. அதன்பின் பதவியில் இருந்த பத்தொன்பது வருடமும் ஐரோப்பாவில் ஜெர்மனியை அவர் எந்தப் போருக்கும் கொண்டுபோகவில்லை. ஜெர்மனிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனிக் காப்பாற்றுவதுதான் வேலை என்பது அவர் கணக்கு. ஐந்து வல்லரசுகள் உள்ள ஐரோப்பாவில் மூன்று பேர் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும், பிரான்ஸுக்குக் கூட்டாளி கிடைக்கக் கூடாது. 1879-இல் ஆஸ்திரியாவோடும், 1882-இல் இத்தாலியையும் சேர்த்தும், 1887-இல் ரஷ்யாவோடு ரகசியமாகவும் ஒப்பந்தம் செய்தார். அதே 1887-இல் ரஷ்யாவை முந்திக்கொண்டு தாக்கிவிடலாம் என்று தளபதிகள் வற்புறுத்தினார்கள். ஜெயித்தாலும் ரஷ்யாவிடமிருந்து நமக்கு என்ன வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். நோக்கம் என்ற கட்டம் காலி. விண்ணப்பம் நிராகரிப்பு.

உள்நாட்டில் அவர் கை கடினமானது. கத்தோலிக்கத் திருச்சபையோடு வருடக்கணக்கில் மோதினார். போலந்து மக்களை ஒடுக்கினார். 1878-இல் சோஷலிஸ்டுகளைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தார். அதே ஆள்தான் தொழிலாளர்களைத் தன் பக்கம் இழுக்க 1883-இல் மருத்துவக் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதியோர் ஓய்வூதியம் ஆகிய சட்டங்களையும் கொண்டுவந்தார். ஓய்வூதியத்துக்கு அப்போது வயது வரம்பு 70. மாதம் பிறந்தால் பென்ஷன் எப்போது ஏறும் என்று பார்க்கும் என்னைப் போன்றவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காவது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

அவர் போன பிறகு

1888-இல் கிழ மன்னர் வில்ஹெல்ம் இறந்தார். நிகோல்ஸ்பர்க்கில் தோளில் கை வைத்த இளவரசர் பட்டத்துக்கு வந்து 99 நாளில் புற்றுநோயால் இறந்தார். பேரன் இரண்டாம் வில்ஹெல்முக்கு வயது 29. கிழவர் சொல்லைக் கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை. 1890 மார்ச்சில் பிஸ்மார்க் பதவி விலக வைக்கப்பட்டார். ஹாம்பர்க் அருகே பிரீட்ரிக்ஸ்ரூ என்ற தன் எஸ்டேட்டில் எட்டு வருடம் முணுமுணுத்துக்கொண்டே வாழ்ந்து, 1898 ஜூலை 30 அன்று 83-ஆம் வயதில் காலமானார். தன் கல்லறையில் முதலாம் வில்ஹெல்மின் விசுவாசமான ஊழியன் என்று மட்டும் பொறிக்கச் சொன்னார். பேரனுக்கு வைத்த குட்டு அது.

அவர் நகர்ந்ததும் நடந்ததைப் பாருங்கள். 1890-இலேயே ரஷ்ய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டது. 1894-க்குள் ரஷ்யாவும் பிரான்ஸும் கூட்டுச் சேர்ந்துவிட்டன. கடற்படையைப் பெருக்கி இங்கிலாந்தையும் பகைத்துக்கொண்டார்கள். தளபதி ஷ்லீபன் ஒரு போர்த் திட்டம் வகுத்தார். அதன்படி, போர் என்று வந்தால் முதலில் பெல்ஜியம் வழியாகப் பிரான்ஸைத் தாக்க வேண்டும். அதன் அரசியல் விலையை யாரும் கேட்கவில்லை. 1914 ஆகஸ்ட் 1 அன்று, படைகளை ரஷ்யா பக்கம் மட்டும் திருப்ப முடியுமா என்று பேரரசரே கேட்டபோது, ரயில் அட்டவணை எல்லாம் போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார் தலைமைத் தளபதி. அவர் பெயரும் மோல்ட்கே, பழைய மோல்ட்கேயின் தம்பி மகன். பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் இங்கிலாந்தும் போரில் இறங்கியது. நோக்கத்துக்காகத் திட்டம் என்பது போய், திட்டத்துக்காக நாடே ஓடியது.

1918-இல் பேரரசு விழுந்தது. 1919 ஜூன் 28 அன்று தோற்ற ஜெர்மனி கையெழுத்துப் போட்ட இடம், அது பிறந்த அதே வெர்சேல்ஸ் கண்ணாடி மண்டபம்.

இதில் பிஸ்மார்க்குக்குப் பங்கில்லையா? பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சபையின் கை ராணுவத்தின்மேல் படக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டவர் அவர். 1874-இலிருந்து ராணுவச் செலவுக்கு ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் ஒப்புதல். தலைமைத் தளபதி நேராகப் பேரரசரிடம் போகலாம், பிரதமரிடம் கேட்க வேண்டியதில்லை. நாட்டின் நோக்கத்தையும் ராணுவத்தின் திட்டத்தையும் ஒரே மேசையில் வைத்துச் சரிபார்க்கும் ஏற்பாடு என்று அவர் எதையும் உருவாக்கவில்லை. அந்த மேசை அவருடைய தலைக்குள் மட்டும் இருந்தது. அவர் சொல்வதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளும் ஒரு கிழ மன்னரும் இருந்தார். இரண்டு பேரும் போனதும் மேசையும் போய்விட்டது. எந்தக் கிளையிலும் லாக்கர் சாவியை ஒரே ஆளிடம் கொடுத்து வைப்பதில்லை, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

இப்போதெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு டிவியைப் போட்டால் உலகத்தில் ஏதாவது ஒரு மூலையில் போர். எந்த ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் போகும், எந்த விமானம் எதை வீழ்த்தும் என்று நிபுணர்கள் கைகாட்டிக் கைகாட்டி விளக்குகிறார்கள். நீங்களும் பாருங்கள், தவறில்லை. பார்க்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது எதற்காக? எது கிடைத்தால் நிறுத்துவார்கள்? நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் சொல்பவர் யாராவது அந்தத் திரையில் வருகிறாரா என்று பார்த்து, அடுத்த முறை மாலை நடையில் என்னைக் கண்டால் சொல்லுங்கள்.